பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு வாய்

முதல் வாய்ச் சோற்றைத் தின்றதும் எனக்கு ஒரு பயம் வரும். இன்றைக்கும் வருகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட ஒரு வாய் தின்றுவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். வயிறு என்ன சொல்கிறது, நெஞ்சு என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்பேன். பக்கத்தில் இருப்பவர்கள், "என்ன பெரியம்மா, உப்பு கூடிட்டோ?" என்பார்கள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாயை எடுப்பேன். அவர்களிடம் என்னத்தைச் சொல்ல? நான் பார்த்த வேலை என் உடம்பில் விட்டுப்போன பழக்கம் இது.

தொண்ணூறுகளில் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தேன். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். ஐந்தாம் வகுப்போடு நான் நின்ற அதே பள்ளிக்கூடம்தான். என் வீட்டுக்காரர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். முதுகில் அடிபட்ட பிறகு நாலு நாள் போனால் பத்து நாள் படுப்பார். மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்தது என் சம்பளம் ஒன்றுதான். அதனால் அந்த வேலையை நான் எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சமையல் கட்டு என்பது ஓடு போட்ட ஒரு கொட்டகை. இரண்டு விறகடுப்பு. ஒன்றில் சோற்று அண்டா, இன்னொன்றில் சாம்பார். எனக்கு உதவியாக ஒருத்தி இருந்தாள். வயதில் எனக்கு இளையவள். அவள் புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துவிட்டான். அவன் திரும்பி வர வேண்டும் என்று திங்கட்கிழமைதோறும் விரதம் இருப்பாள். அன்றைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போய் வரும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். "எதுக்குட்டி அவனுக்காகப் பட்டினி கெடக்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "வரட்டும் யக்கா. வந்தாத்தானே வெளக்குமாத்தால ரெண்டு போட முடியும்" என்றாள்.

அவளுக்கு வாய் உண்டு. எனக்குக் கிடையாது. வாத்தியார்கள் எதிரே வந்தால் நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றுவிடுவேன். நான் பேசிப் பெரிய வாத்தியார் கேட்டதே இல்லை. எதுவாக இருந்தாலும் அவளைத்தான் விட்டுச் சொல்லச் சொல்வேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் மேலே அமைப்பாளர். அந்த அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் அவர் பொறுப்பு. யூனியன் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸில் அலைந்து அலைந்து அவருக்கு வயிற்றில் புண் வந்திருந்தது. கைப்பையில் எப்போதும் மாத்திரை இருக்கும். மேலதிகாரி வருகிறார் என்றால் அந்த அம்மா முகம் முதல் நாளே வெளுத்துப் போகும்.

ஒரு வருஷம் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம், டீக்கடையில் ஒரு பேச்சு வந்தது. எங்கேயோ தூரத்து ஊரில் பள்ளிக்கூடத்துச் சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டதாம். பிள்ளைகள் வாந்தி எடுத்தார்களாம். சமைத்தவளை ஊர்க்காரர்கள் அடித்துப் போலீசில் கொண்டுபோய் விட்டார்களாம். நிஜமோ பொய்யோ, எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மறுநாள் டீச்சர் வந்ததும் வராததுமாக எங்களைக் கூப்பிட்டார்.

"இனிமே பிள்ளைகளுக்குப் போடுறதுக்கு முன்னால பெரியவங்க ஒருத்தர் சாப்பிட்டுப் பாக்கணும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் இருந்து, ஒண்ணும் செய்யலைன்னு தெரிஞ்ச பெறகுதான் மணி அடிக்கணும்."

"நீங்க சாப்பிடுவியளா டீச்சர்?" என்றாள் என் கூட்டாளி.

"எனக்கு அல்சர். காரம் ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"பெரிய சார்?"

"அவர் வீட்டுலேர்ந்து கேரியர் கொண்டுவாரார்."

"அப்ப நாங்கதான் எலியாக்கும்."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? ஆயாம்மா, நீங்கதான சமைக்கிய. நீங்களே சாப்பிடுங்க. சமைச்சவங்க சாப்பிட்டாத்தான் ஒரு பயம் இருக்கும்."

நான் சரி என்று தலையை ஆட்டினேன். அந்த அம்மா சொன்னது பலித்துவிட்டது. பயம் வந்தது. வந்தது போகவில்லை.

அதுவரை நானும் ருசி பார்த்தவள்தான். உப்பு இருக்கிறதா, புளி போதுமா என்று உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தவள்தான். இது வேறு. சோற்றை அண்டாவிலிருந்து எடுத்து, சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் தின்றுவிட்டு, கொட்டகைத் தூணில் சாய்ந்து நிற்பேன். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும் சத்தம் கேட்கும். என் வயிறு இப்போது புரட்டுமா, தலை சுற்றுமா என்று எனக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு ஊர்ப் பிள்ளைகளின் உயிர் என் வயிற்றில் இருக்கிறது என்று தோன்றும். அப்படித் தோன்றினால் யாருக்குத்தான் வயிறு சும்மா இருக்கும்? சுருக்கென்று ஏதாவது இழுக்கும். உடனே நெஞ்சு தடதடவென்று அடிக்கும். இதுவோ, இதுவோ என்று நினைப்பேன். கொஞ்சம் கழித்து அடங்கும். மணி அடிக்கச் சொல்வேன்.

பிள்ளைகள் தின்று, தட்டுக் கழுவி, வீட்டுக்குப் போனாலும் விடாது. ராத்திரி தெருவில் ஒரு பிள்ளை இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். விடியுமுன் முழிப்பு வந்துவிடும். பள்ளிக்கூடம் போனதும் முதல் வேலையாக நிமிர்ந்து கூரை ஓடுகளைப் பார்ப்பேன். பல்லி ஒன்று இருந்தால் அது கண்ணில் படும்வரைக்கும் ஒரு பயம், பட்ட பிறகு வேறு பயம். சாம்பார் கொதிக்கும்போது மூடியைத் திறக்கவே மனசு வராது. கழுத்தை மேலேயும் கீழேயும் திருப்பித் திருப்பிப் பிடரியில் ஒரு வலி வந்து தங்கிவிட்டது. அது கழுத்துச் சுளுக்கு என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. ஓடைக்குப் போக வேண்டும். போய் வருகிற நேரத்தில் யாராவது குழம்பைத் திறந்துபோட்டு விட்டால்? அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டேன். அடுப்பு வெக்கையில் நின்று, வாய் உலர்ந்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த்தான் சொம்பைத் தூக்குவேன். நீர்க்கடுப்பு வந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் குனிந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சுளகில் ஒரு சொட்டு சிவப்பாக விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம். என்னைப் பற்றிப் பயப்படவில்லை. சோற்றில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் பயந்தேன். அந்த அரிசியைப் பின்னால் கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டுவிட்டு வந்தேன். என் கூட்டாளி பார்த்துவிட்டாள்.

"யக்கா, ஒங்களுக்கு ஒடம்பு செரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வெயிலுட்டி. ஒண்ணுமில்ல."

"ஐப்பசி மாசத்துல எங்கன வெயில் அடிக்கு?"

சீக்கு என்று தெரிந்தால் சமையல் கட்டில் விடுவார்களா? சீக்காளி சமைத்த சோறு என்று ஒரு வார்த்தை ஊரில் வந்துவிட்டால் தீர்ந்தது. நான் ஆஸ்பத்திரி பேச்சையே எடுக்கவிடவில்லை. அவள் விடாமல், "சரி, பயந்த கோளாறாவது எறங்கட்டும்" என்று பத்தமடைப் பள்ளிவாசலுக்கு ஒரு சாயங்காலம் கூட்டிப்போனாள். தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி முகத்தில் ஊதிவிடுவார்கள். இடுப்பில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெண்கள் வாசலில் நின்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "எல்லாரும் பயந்த பிள்ளைய கொண்டாருவாக, நான் பயந்த கெழவியக் கொண்டாந்திருக்கேன்" என்றாள். எனக்கு அப்போது கிழவி ஆகிற வயது இல்லை. அன்றைக்கு ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மறுநாள் மறுபடியும் அதேதான்.

அந்தக் கார்த்திகை மாதம் மழை விடாமல் பெய்தது. விறகெல்லாம் நனைந்து புகைந்தது. மழைக்குப் பூச்சியும் பல்லியும் உள்ளே வந்து அடைந்தன. புதிதாக வந்த பருப்பு மூட்டையில் லேசாக ஒரு பூசண வாடை அடித்ததாக எனக்குத் தோன்றியது. என் கூட்டாளி முகர்ந்து பார்த்துவிட்டு, "சாக்கு வாடை யக்கா" என்றாள். வெயில் இல்லாததால் காயவைக்கவும் முடியவில்லை. திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அது ஒரு திங்கட்கிழமை. டீச்சர் யூனியன் ஆபீசுக்குப் போயிருந்தார். என் கூட்டாளி விரதம். சோறு வடித்து, சாம்பார் இறக்கி, வழக்கம்போல ஒரு வாய் பிசைந்து தின்றேன். தூணில் சாய்ந்தேன்.

பிடரியில் யாரோ உலக்கையால் இடித்தது போல இருந்தது. கண்ணுக்கு முன்னால் கொட்டகை கருத்துக்கொண்டு வந்தது. உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. இடது கை மரத்துப்போய், வயிற்றிலிருந்து தின்றதெல்லாம் மேலே வந்தது. அங்கேயே வாந்தி எடுத்தேன். வாயைத் துடைக்கும்போது வராந்தாவிலிருந்து, தட்டில் சோறு விழுந்ததும் பிள்ளைகள் பாடுகிற பாட்டு கேட்டது. மழைச் சாரலில் சின்னப் பிள்ளைகள் நனைகிறார்களே என்று என் கூட்டாளி மணிக்குக் காத்திராமல் ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் வாளியில் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. "திங்காதிய! யாரும் திங்காதிய! துப்புங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. முன்வரிசைப் பிள்ளைகளின் தட்டைக் கையால் தட்டிவிட்டேன். சூடான சோறு அதுகள் காலில் விழுந்தது. திரும்பி வந்து சாம்பார் அண்டாவை, இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற அண்டாவை, ஒற்றையாகச் சாய்த்து வாய்க்காலில் கொட்டினேன். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மஞ்சளாக மழைத் தண்ணீரோடு ஓடியது. பிறகு விழுந்துவிட்டேன்.

மற்றதெல்லாம் சொல்லக் கேட்டதுதான். பிள்ளைகள் வீரிட்டு அழுதிருக்கிறார்கள். யாரோ வாத்தியார் தொண்டையில் விரலை விடச் சொல்லி, தின்னாத பிள்ளைகூட வாந்தி எடுத்திருக்கிறது. வயலில் நடவுக்கு நின்ற தாய்மார் சேறோடு ஓடி வந்திருக்கிறார்கள். அரிசி ஆலை வேனை வரவழைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் என்னையும் ஒன்றாகப் போட்டுச் சேரன்மகாதேவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கண் முழித்தபோது கட்டிலில் கிடந்தேன். மழைச் சத்தம். எனக்கு வந்த முதல் கேள்வி பிள்ளைகள் இருக்கிறார்களா என்பது. கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமல் காதை மட்டும் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. கொஞ்சம் கழித்து வராந்தாவில், "லேய், என் பன்னத் தாலே!" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடிப்பதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது. சாம்பார் கெட்டுப்போயிருந்தால், கெட்டதைச் சமைத்தவள் நான். கெடவில்லை என்றால், நல்ல சோற்றை வாய்க்காலில் கொட்டி, ஊரையே அலற வைத்தவளும் நான். எந்தப் பக்கம் போனாலும் வேலை போய்விடும். வீட்டில் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற மனுஷர் கண்ணுக்குள் வந்தார்.

டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. நிறைமாதம் மாதிரி வயிறு. காலெல்லாம் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் குதிங்காலை வெளியே வைத்து நின்றார். என் கையில் துணியைச் சுற்றிக் காற்றை அடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"தலைவலி எத்தனை நாளா இருக்கு?"

"ரொம்ப நாளா."

"மூக்குல ரத்தம் வந்ததா?"

தலையை ஆட்டினேன்.

"அப்பவே வந்து காட்டியிருக்கலாம்ல?"

"லீவு போட்டா வேற ஆள வச்சிருவாகளோன்னு பயந்துட்டேம்மா."

அந்த அம்மா பக்கத்து ஸ்டூலை இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நானும் அதுக்குத்தான் நிக்கேன்" என்றார் மெதுவாக. பிறகு சொன்னார்: "பிள்ளைகளுக்கு ஒண்ணும் இல்லை. சாப்பாட்டுல கோளாறு இருக்குற மாதிரி தெரியலை. உங்களுக்குத்தான் பிரஷர் ரொம்பக் கூடியிருக்கு. தூக்கமில்லாம, தண்ணி குடிக்காம, எந்நேரமும் பயந்துக்கிட்டே இருந்தா ஒடம்பு எத்தனை நாள் தாங்கும்? இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா கை கால் விழுந்திருக்கும்."

மரத்துப்போன இடது கையை நான் போர்வைக்குள் தடவிப் பார்த்துக்கொண்டேன். அது என்னுடைய கை மாதிரியே இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார். மாத்திரை ஒரு நாளும் விடக்கூடாது என்றார். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்த அம்மா எழுந்திருக்கப் போனதும் கேட்டுவிட்டேன்.

"ஒரு வாய் தின்னதும் நெஞ்சு படபடன்னு அடிச்சா, அது சாப்பாடா, நானான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

டாக்டர் யோசித்தார். "உங்க கூட வேற யாரும் சாப்பிடலையா?"

"இல்லம்மா. எங்கூட வேலை செய்யுதவ திங்கக்கெழம விரதம்."

"அவங்களும் சாப்பிட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சாயங்காலம் என் கூட்டாளி வந்தாள். சேலையெல்லாம் சேறு. முடி கலைந்து கிடந்தது. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அங்கன என்னட்டி நெலவரம்?" என்று கேட்டேன்.

"ஒங்களை வண்டியில ஏத்தினதும் எல்லாரும் என் மேல பாஞ்சுட்டாக. என்னத்தப் போட்டிய, என்னத்தக் கலந்தியன்னு ஒருத்தி முடியப் புடிச்சுட்டா. பெரிய சார் நடுவுல நிக்காரு, அவருக்கே வேட்டி நடுங்குது. எனக்குச் சாமி வந்த மாதிரி ஆயிட்டு யக்கா. பிள்ளையளுக்கு வெளம்புன வாளி அங்கனயே இருந்துச்சு. அடியில கொஞ்சம் சாம்பார் கெடந்துச்சு. தட்டுல சோறப் போட்டு ஊத்திப் பெசஞ்சு எல்லார் முன்னாலயும் தின்னேன்."

"ஏட்டி கோட்டிக்காரி, அது கெட்டதா இருந்திருந்தா?"

"இருந்திருந்தா இப்பம் பக்கத்துக் கட்டில்ல கெடப்பேன். ஒங்களுக்கும் பேச்சுத் தொணைக்கு ஆச்சு."

"இன்னைக்குத் திங்கக்கெழமைலா?"

"அதான் யக்கா சிரிப்பு. வாயில வச்ச பெறகுதான் ஞாபகமே வந்துச்சு." சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு கோணி அழுகை வந்துவிட்டது. "மழையில நனையுதேன்னு நான்தானே சின்னதுகளுக்கு மொதல்ல போட்டேன். நீங்க கத்துனதும் என் உசுரு போயிட்டு. தின்னுட்டுத் தரையில உக்காந்துருந்தேன். எல்லாரும் என் மூஞ்சியவே பாக்காக. ஒரு பொம்பள, 'கண்ணு செருகுதோ பாருங்க'ங்கா. எனக்குப் பசி யக்கா. இன்னொரு வாய் அள்ளித் தின்னேன். அப்பந்தான் கூட்டம் கலைஞ்சுது."

டீச்சர் மறுநாள் வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார். மேலதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்து பருப்பையும் அரிசியையும் பார்த்துவிட்டுப் போனாராம். சந்தேகம் வந்ததும் கொட்டியதில் தப்பில்லை என்று சொன்னாராம். எனக்கு வேலை போகவில்லை. டீச்சர் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில், "பிரஷர்னு வெளிய சொல்லாதீங்க ஆயாம்மா. மயக்கம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பிறகு அவரே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் மாத்திரையை எடுத்து, என் சொம்புத் தண்ணீரில் விழுங்கினார்.

ஒரு வாரம் கழித்துத்தான் அடுப்புக்குப் போனேன். அந்த வாரம் முழுக்க வேறு ஒரு ஆயா வந்து சமைத்தாள். பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்து தின்றார்களாம். மீதிப் பேர் வாங்கிய சோற்றை வாய்க்காலில் கொட்டினார்களாம். நான் கொட்டின இடம்தான் கொட்டுகிற இடம் என்று ஆகிவிட்டது.

நான் போன அன்றும் திங்கட்கிழமை. மழை நின்றிருந்தது. கூரை ஓடுகளைப் பார்த்தேன். அரிசியைப் பார்த்தேன். மாத்திரை போட்டிருந்தேன், இருந்தாலும் அடுப்பில் தீ பற்றியதும் உள்ளங்கை வேர்த்தது. சோற்று அண்டாவை வடிக்கும்போது என் கூட்டாளி என் இடது பக்கம் வந்து பிடித்துக்கொண்டாள். இடது கை இன்னும் முழுதாக வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மணி அடிப்பதற்கு முன்னாலேயே பிள்ளைகள் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உள்ளே வராமல், என்னையே பார்த்தார்கள். வெளிக்கதவுக்கு அப்பால் நாலைந்து தாய்மார்களும் நின்றார்கள். நான் அன்றைக்குத் தட்டைத் தட்டிவிட்ட சின்னப் பெண் முன்னால் நின்றாள். காலில் சூடு பட்ட இடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"ஆயா, நீங்க தின்னாச்சா?"

"இனிமேத்தான் கண்ணு."

"நாங்க பாக்கணும்."

தட்டை எடுத்தேன். தட்டு அண்டாவில் பட்டுச் சத்தம் போட்டது. அத்தனை கண்ணும் என் மேல். எனக்கு ஒரு ஆள் பார்த்தாலே சோறு இறங்காது. சோற்றில் சாம்பாரை ஊற்றினேன். பிசைந்தேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் நெஞ்சு தடதடவென்று ஆரம்பித்துவிட்டது. தின்னுமுன்பே அடிக்கிறதே, தின்ற பிறகு இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பேன் என்று நினைத்தேன். ஓடைப் பக்கம் ஓடிவிடலாம் போல இருந்தது.

என் தட்டுக்குள் இன்னொரு கை வந்தது. என் கூட்டாளி ஒரு கவளத்தை உருட்டி எடுத்தாள்.

"ஏட்டி, திங்கக்கெழம."

"தெரியும்."

"அவன் வாரதுக்குன்னு இருக்க விரதம்லா?"

"வந்தா வரட்டும். வராட்டி அங்கனயே கெடக்கட்டும். எனக்குச் சோறு போட அவனா வாரான்?" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

இரண்டு பேரும் தூணில் சாய்ந்து நின்றோம். பிள்ளைகள் எங்கள் வாயைப் பார்த்தார்கள், பிறகு வயிற்றைப் பார்த்தார்கள். எனக்கு வேர்த்தது. பிடரி இழுத்தது. வயிற்றுக்குள் என்னவோ புரண்டது. அவள் பக்கம் திரும்பினேன். நாக்கால் பல்லிடுக்கில் கிடந்த பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு?" என்றேன், பைய.

"புளி கொஞ்சம் கூடிட்டு. வேற ஒண்ணுமில்ல. ஒங்களுக்கு?"

"நெஞ்சு அடிக்கி."

"நல்லாவா?"

"ரொம்ப."

"எனக்கு அடிக்கலை. அப்ப அது ஒங்க பயம். அடிச்சுட்டுப் போட்டும். கொஞ்சம் தண்ணி குடிங்க. ஓடைக்குப் போணும்னா நான் குழம்புக்கிட்ட நிக்கேன்."

சொம்பை நீட்டினாள். அந்தப் பயம் வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் வைத்து நான் தண்ணீர் குடித்தது அன்றைக்குத்தான். குடித்துவிட்டு அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், செருகுகிறதா என்று. நான் கண்ணைச் சிமிட்டாமல் நின்றேன். அவள் பின்னால் திரும்பி மற்றப் பிள்ளைகளிடம், "ஆயா நிக்காக" என்றாள்.

தட்டுகள் நீண்டன. நான் கரண்டியைப் பிடித்தேன். கை ஆட்டத்தில் கரண்டி அவள் தட்டின் விளிம்பில் டக்டக்கென்று இடித்தது. அவள் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து, சிந்தாமல் பிடித்துக்கொண்டாள்.